உரிமை என்ற ஒரு சொல்: வடசென்னைப் பெற்றோரும் கல்விச் சட்டமும்



திருவொற்றியூரில் நாங்கள் நடத்திய ஒரு மாலைக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பீஸ் பாக்கி இருக்குன்னு பழைய ஸ்கூல்ல டி.சி. தரல. டி.சி. இல்லாம கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேங்குறாங்க. புள்ளைய வீட்லயே வச்சிக்கட்டுமா?" இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1893 பிப்ரவரியில் சென்னை அரசாங்கம் வெளியிட்ட 68ஆம் எண் கல்வி ஆணை 'பஞ்சமர் கல்வியின் மகாசாசனம்' எனப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு ஆல்காட் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1920இல் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. இவை எல்லாம் பள்ளியைத் தந்தன. பெற்றோர் கேட்டு வாங்கும் உரிமையைத் தரவில்லை.

அந்த உரிமை அரசியலமைப்பின் வரைவில் இருந்தது. இலவசத் தொடக்கக் கல்வி பெற ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றது 36ஆம் பிரிவு. 1948 நவம்பர் 23 அன்று, வழிகாட்டும் கோட்பாடுகளில் 'உரிமை' என்ற சொல்லுக்கு இடமில்லை என்று லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்பட்டது, அரசு 'முயல வேண்டும்' என்பது மட்டும் மிஞ்சியது. அன்றே 'கல்வி' என்பதைத் 'தொடக்கக் கல்வி' என்று குறுக்கும் திருத்தமும் வந்தது. அம்பேத்கர் அதை மறுத்தார். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றால், அந்த வயதுவரை பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும் என்பதே அவர் வாதம். ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த நம் பகுதிக்கு இந்த வாதத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பத்தாண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை 1960இல் முடியவில்லை. நீக்கப்பட்ட அந்தச் சொல் திரும்ப 2002 ஆனது: 86ஆவது திருத்தம், 21ஏ பிரிவு. 2009இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தாய்க்கான பதில் இச்சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்குப் பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால், அதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது என்கிறது 14ஆம் பிரிவு. ஆண்டின் நடுவில் குடிசையை இடித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படும் குடும்பங்களுக்கு 15ஆம் பிரிவு: கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்று கதவை மூடிவிட முடியாது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய விகிதத்தில் இடம் உண்டு. கூட்டப் பதிவேட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நம் தாய்மாரிடம் சொல்லி வருகிறோம்.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பக் கூடாது. 32ஆம் பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு.

அன்று அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினோம். அந்தத் தாயின் முதல் சொல் 'தயவுசெய்து'. அதை அடித்துவிட்டு, '5ஆம் பிரிவின்படி' என்று அவர் கையாலேயே எழுத வைத்தோம். நான்காம் நாள் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிய போராட்டம் நம்முடையது. ஆனால் கையில் இருப்பதை முதலில் பயன்படுத்துவோம். மாணவ நண்பர்களே, ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஐந்து பிரிவுகளை வாசித்துக் காட்டுங்கள்.