பிரெஞ்சின் முன்னிறந்தகால சப்ஜங்டிவ்: ஒலியால் வீழ்ந்ததா?

பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணைகளின் கடைக்கோடியில் ஒரு கட்டம் உண்டு. ‘பார்லே’ (பேசு) போன்ற ஒழுங்கு வினையின் முன்னிறந்தகால சப்ஜங்டிவ் (ஐயம், விருப்பம் முதலியவற்றுக்கான வினைவடிவம்) அங்கே மூவிடத்து ஒருமை பன்மைகளுக்கும் ஆறு வடிவங்களாக அச்சிடப்பட்டிருக்கும். அன்றாடப் பேச்சில் இவற்றுக்கு இன்று இடமில்லை. எழுத்திலும் படர்க்கை வடிவங்கள்தாம், அதிலும் பெரும்பாலும் ஒருமை, நாவல்களிலும் வரலாற்று நூல்களிலும் தொடர்ந்து வருகின்றன. தன்மையும் முன்னிலையும் அருகிவிட்டன. இந்தச் சுருக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒலி: அவ்வடிவங்கள் காதுக்கு இனியவை அல்ல, சொன்னால் சிரிப்பு வரும் என்பது. அக்காரணம் இவ்வடிவத்துக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

முதலில் ஆக்கத்தைப் பார்ப்போம். இங்கே முதன்மை வினை திரிவதே இல்லை, திரிவது துணைவினை. ‘அவ்வார்’ என்னும் துணைவினையின் ஆம்பர்ஃபே (முற்றுப்பெறா இறந்தகால) சப்ஜங்டிவை எடுத்து, அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தை வைத்தால் போதும். கெ ஜ்யூஸ் பார்லே, கெ த்யூ யூஸ் பார்லே, கில் யூ பார்லே. பன்மையில் கெ நூஸ் யூசியோன் பார்லே, கெ வூஸ் யூசியே பார்லே, கில்ஸ் யூஸ் பார்லே. ‘பினீர்’ என்ற வினைக்குப் ‘பினி’, ‘வாந்த்ர்’ என்ற வினைக்கு ‘வாந்த்யூ’ என எச்சம் மட்டும் மாறும். ‘அரிவே’ (வந்துசேர்) போன்ற சில வினைகள் ‘எத்ர்’ என்ற துணைவினையை ஏற்று, ‘ஜெ ஃப்யூஸ் அரிவே’ என்று அமையும். அவற்றின் எச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் இணங்கும். ஆகவே ஒழுங்கு வினை, ஒழுங்கில்லா வினை என்ற பிரிவு எச்சத்தோடு நின்றுவிடுகிறது. இரு துணைவினைகளின் வடிவங்களும் கைவசம் இருந்தால் மொழியிலுள்ள எல்லா வினைகளையும் இக்காலத்தில் திரிக்கலாம். கற்பதற்குக் கடினம் என்ற பேச்சுக்கு இங்கே அடிப்படையில்லை.

ஒலிக்காரணம் பிறந்த இடம் வேறு. ஆம்பர்ஃபே சப்ஜங்டிவில் ஒவ்வொரு வினையும் தானே திரிய வேண்டும். ‘நூ பார்லாசியோன்’ என்பது போன்ற நீண்ட வடிவங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கே நகைப்பூட்டும். நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அலே பெயரில் வழங்கும் ஒரு கேலிக்கவிதை இவ்வொலிகளை அடுக்கிவைத்தே சிரிப்பு மூட்டுகிறது. முன்னிறந்தகாலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எந்த வினையானாலும் காதில் விழுவது அதே யூஸ், யூசியோன், அல்லது ஃப்யூஸ், ஃப்யூசியோன்தான். கேலி பக்கத்துக் கட்டத்துக்கு உரியது. அதை இங்கேயும் ஒட்டிவைத்தது இலக்கண ஆசிரியர்களின் சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட வலுவான சான்று அட்டவணைக்குள்ளேயே கிடக்கிறது. தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கைப் பன்மை ஆகிய மூன்றும் எழுத்தில் வேறு வேறு. உச்சரிப்பில் மூன்றுமே ‘யூஸ்’. ஒலிதான் கொன்றது என்றால் மூன்றும் ஒன்றாக மறைந்திருக்க வேண்டும். ஆனால் ‘இல்ஸ் யூஸ் பார்லே’ இலக்கிய உரைநடையில் இன்றும் கூச்சமின்றி எழுதப்படுகிறது. ‘த்யூ யூஸ் பார்லே’ என்று எழுதுபவரோ பழமையை நடிப்பவராகவே தெரிவார். ஒரே ஒலிக்கு இரு விதிகள்.

அப்படியானால் எது காரணம்? ‘பாசே சாம்ப்ள்’ என்னும் எளிய இறந்தகாலத்தின் கதியைப் பார்க்க வேண்டும். பள்ளி விதியே உறவைச் சொல்கிறது: எளிய இறந்தகாலத்தின் முன்னிலை ஒருமையோடு ஈறு சேர்த்தால் ஆம்பர்ஃபே சப்ஜங்டிவ் கிடைக்கும். ‘த்யூ பார்லா’விலிருந்து பார்லாஸ்; ‘த்யூ யூ’விலிருந்து யூஸ். தாய் வடிவம் பேச்சை விட்டு விலகி, கதைசொல்லும் எழுத்தின் உடைமையானது. அங்கும் அது பெரும்பாலும் படர்க்கையிலேயே வருகிறது. சேய் வடிவமும் அதே எல்லைக்குள் அடங்கியது. இரண்டின் எஞ்சிய பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பேச்சில் எளிய இறந்தகாலத்தைக் கேட்டுப் பழகாத குழந்தைக்கு, அதிலிருந்து பிறக்கும் வடிவத்தை ஆக்கிக்கொள்ள மூலப்பொருளே இல்லை. இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட: வேறு வடிவங்கள் அதே வேலையைச் செய்யும்போது இது தேவைப்படவில்லை என்பது. ஆனால் தேவையின்மை மட்டும் காரணமானால் படர்க்கையும் போயிருக்க வேண்டும்.

வடிவங்கள் இப்படி இடம் மாறுவது இம்மொழிக்குப் புதிதல்ல. லத்தீனின் ‘கான்டாவிஸ்ஸெம்’ முன்னிறந்தகால சப்ஜங்டிவாக இருந்தது. ‘கான்டாஸ்ஸெம்’ எனக் குறுகி, பிரெஞ்சில் ‘ஷாந்தாஸ்’ ஆனபோது ஆம்பர்ஃபே பதவிக்கு இறங்கிவிட்டது. காலியான இடத்தை நிரப்ப ‘ஹபுயிஸ்ஸெம்’ வழிவந்த யூஸும் ஓர் எச்சமும் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டே நாம் பேசும் வடிவம்.

இதன் இரண்டாவது பயன்பாட்டை அட்டவணைகள் இன்னும் மோசமாகக் கையாள்கின்றன. நடவாத ஒன்றைச் சொல்ல, ‘பேசியிருப்பான்’ என்ற பொருளில், ‘கெ’ என்ற இணைப்பே இல்லாமல் ‘இல் யூ பார்லே’ என்று முதன்மை வாக்கியத்தில் வரும். மரபு இலக்கணம் இதற்கு ‘இறந்தகால நிபந்தனையின் இரண்டாம் வடிவம்’ என்று தனிப்பெயர் சூட்டி, அதே சொற்களை இன்னொரு கட்டத்தில் மறுபடி அச்சிட்டது. இந்தப் பெயர் தவறு. ‘சி’யில் (ஆல், ஆனால்) தொடங்கும் நிபந்தனைத் தொடரில் நிபந்தனை வடிவம் வரக்கூடாது என்பது பிரெஞ்சின் அசையாத விதிகளுள் ஒன்று. முன்னிறந்தகால சப்ஜங்டிவோ அங்கே தாராளமாக வரும். 1670இல் வெளியான, சிந்தனையாளர் பஸ்காலின் ‘பான்சே’யில் கிளியோபாட்ராவின் மூக்கைப் பற்றிய புகழ்பெற்ற வாக்கியத்தில் ‘சி’ தொடரின் வினை இவ்வடிவத்தில் இருக்கிறது. முதன்மை வினை சாதாரண இறந்தகால நிபந்தனையில் இருக்கிறது. முதல் வினையையும் நிபந்தனை வடிவம் என்று பெயரிட்டால் பஸ்கால் பிழை செய்தார் என்றாகும்.

ஒத்திசைவுப் பயன்பாட்டை, அதாவது முதன்மை வினை இறந்தகாலமானால் சார்புவினையும் பின்னோக்கி நகர வேண்டும் என்ற விதியை, அரசே தளர்த்திவிட்டது. 1901 பிப்ரவரி 26 ஆணை ஆம்பர்ஃபேக்கு மாற்றாக நிகழ்கால சப்ஜங்டிவைச் சில இடங்களில் பொறுத்துக்கொண்டது. 1976 டிசம்பர் 28 ஆணை அச்சலுகையை விரித்தது.

ஆனால் 1990 எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் கூரைக்குறியை (^) விருப்பத்துக்கு விட்டபோது, ‘யூ’ மீதிருந்த குறியில் கைவைக்கவில்லை. அக்குறி பழைய ‘ஸ்’ ஒன்றின் எச்சம். இன்று அதன் வேலை, ‘இல் யூ பார்லே’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வடிவங்களை, அதாவது நடந்து முடிந்ததைக் கூறும், சப்ஜங்டிவ் அல்லாத வடிவத்தையும் சப்ஜங்டிவையும், கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது. ‘அப்ரே கெ’ (பிறகு) என்பதற்குப்பின் குறியில்லாத வடிவம்தான் வர வேண்டும். தேர்ந்த பிரெஞ்சு எழுத்தாளர்களே அங்கே கூரையைப் போட்டுவிடுகிறார்கள். பேச்சில் இரண்டுமே இல்லாததால், அவர்களுக்கும் கேட்டுப் பார்த்துத் திருத்த வழியில்லை.