அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான உறைவிட இல்லங்கள்: இங்கிலாந்தின் பராமரிப்புத் தரங்கள்

அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்கள் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று அரசு வகுக்கும் விதிகளே பராமரிப்புத் தரங்கள். பிரிட்டனில் இவை பெரும்பாலும் ஏதாவதொரு கொடுமை அம்பலமான பிறகே வலுப்பெற்றன. கார்டிஃபிலிருந்த ஈலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை 1969-இல் வெளியானது. அதன் பின், பெரிய மருத்துவமனைகளிலிருந்து இவர்களை ஊருக்குள் குடியமர்த்தும் கொள்கையை 1971-இல் அரசு அறிவித்தது. பராமரிப்புத் தரச் சட்டம் 2000-இல் வந்தது. இல்லங்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம் 2009 முதல் இயங்குகிறது. கண்ணியம், ஒப்புதல், போதிய பணியாளர், தகுந்த உணவு, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை 2014-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. ஆணையம் தரும் மதிப்பீடு நான்கு படி: மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது.

விதிகளில் பெரிய குறை இல்லை. குறை, அவை கதவுக்கு உள்ளே எட்டாததில்தான். பிரிஸ்டல் அருகே 24 படுக்கைகளுடன் இயங்கிய வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் நடந்ததை 2011 மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் பிடித்துக் காட்டியது. நோயாளிகளைத் தரையில் தள்ளி நாற்காலியால் அழுத்திப் பிடித்தார்கள். உடுத்திய துணியோடு ஷவருக்கு அடியில் நிறுத்தினார்கள். அங்கே பணியாற்றிய செவிலியர் ஒருவர் நிர்வாகத்துக்கும் ஆணையத்துக்கும் முன்பே புகார் கொடுத்திருந்தார், பலனில்லை. 2012-இல் 11 பணியாளர்கள் தண்டிக்கப்பட்டனர், அவர்களில் 6 பேருக்குச் சிறை. அங்கு உறவினர்கள் வார்டுக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் போக அனுமதிக்கப்படவில்லை. அத்தனை கொடுமைக்கும் இடம் கொடுத்தது இந்த ஒரு வழக்கம்தான் என்பேன். மகன் படுக்கும் அறையைத் தாய் பார்க்க முடியாத இடத்தில், ஆய்வாளர் எப்போதோ வந்து பதிவேட்டைப் புரட்டி என்ன கண்டுவிடுவார்?

அது மருத்துவமனைதானே, இல்லங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அடைத்து வைக்கப்பட்டவர்கள் அதே மக்கள், கண்காணித்ததும் அதே ஆணையம். இடம் சிறியதானால் சரியாகிவிடும் என்பது அடுத்த வாதம். ஆணையமும் புதிய இல்லங்கள் சிறியவையாக இருப்பதையே விரும்புகிறது. நல்ல விதிதான், ஆனால் போதாது. டெவனில் வெயில்ஸ்டோன், கட்டூமா என்ற இல்லங்கள் பெரிய மருத்துவமனைகள் அல்ல. அங்கேதான் குடியிருந்தவர்களை வெற்று அறைகளில் அடைத்து வைத்தார்கள். அதற்காக 2017-இல் 13 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பணம் போதவில்லை என்ற வாதமோ நிற்கவே நிற்காது: வின்டர்போர்ன் வியூவில் ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் போனது. மதிப்பீடும் கைவிட்டிருக்கிறது. டர்ஹமில் வோர்ல்டன் ஹால் என்ற மருத்துவமனைக்கு ஆணையம் 2017-இல் 'நன்று' என்றது. 2019-இல் மறுபடியும் பனோரமாதான் அங்கு நடந்த கொடுமையை வெளியே கொண்டுவந்தது.

முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் குடும்பத்தார் வந்து போவது, ஊதியத்துக்கு இல்லத்தைச் சாராத ஒருவர் குடியிருப்பவருக்காகப் பேசுவது, பேச்சு வராதவர் அடிக்கடி அழுவதையோ சாப்பிட மறுப்பதையோ புகாராகவே எடுத்துக்கொள்வது: தரம் என்றால் முதலில் கேட்க வேண்டியவை இவைதாம். வீட்டுக்கு வெகுதொலைவில் ஒருவரை அனுப்பும்போது இம்மூன்றும் ஒருசேர அறுந்துபோகின்றன. மருத்துவமனைகளில் தேவையின்றி வைக்கப்பட்டவர்களை 2014 ஜூன் 1-க்குள் ஊருக்குள் கொண்டுவருவதாக வின்டர்போர்ன் வியூவுக்குப் பின் அரசு வாக்களித்தது. கெடு தவறியது, பத்தாண்டு கடந்தும் அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் சுமார் 2,000 பேர் இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் இருந்தார்கள்.