கேட்டலும் நோற்றலும்: இராயப்பேட்டையில் கூடிய ஓர் அவை

மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதைகளின் பெயர்களை வரிசையாக நோக்குவார்க்கு ஒரு செய்தி புலப்படும். 27ஆம் காதை ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’. 29ஆம் காதை ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’. 30ஆவதாகிய நிறைவுக் காதை ‘பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை’. வஞ்சி நகரில் பல சமயத்தார் கூற்றையும் மணிமேகலை கேட்கிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவைகளின் இலக்கணத்தையும், அதன்பின் பன்னிரு நிதானங்களையும் கேட்டுணர்கிறாள். இவ்வளவும் கேட்ட பின்னரே அவள் நோன்பு தொடங்குகிறது. கேட்டல், சிந்தித்தல், பாவித்தல் என்னும் பௌத்த மரபின் படிமுறையும் இதுவே. தியானம் என்பது தனியொருவர் கண்மூடி அமர்தலாகத் தோன்றினும், அதற்கு முன்னர் ஓர் அவையும், அவ்வவையில் கேட்கும் உரிமையும் இருந்தாக வேண்டும். கேள்வி என்னும் நம் சொல் செவியால் பெறும் அறிவையும் குறிக்கும்; ஐயத்தை எழுப்பும் வினாவையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே நிகழ்ந்த ஓர் அவையின் வரலாற்றை, பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை கேட்டுவரும் நம் வட்டத்தின் மலரில் எடுத்துரைத்தல் பொருத்தமெனக் கருதுகிறேன்.

பௌத்தம் தொடக்கம் முதலே கூட்டத்தின் சமயமாக இருந்தது. முழுமதி நாளிலும் மறைமதி நாளிலும் துறவோர் ஒன்றுகூடித் தம் ஒழுக்க விதிகளை ஓதினர்; இல்லறத்தார் அந்நாள்களில் சீலம் ஏற்று அறவுரை கேட்டனர். காஞ்சியிலும் நாகையிலும் விளங்கிய இந்நெறி காலப்போக்கில் தமிழ் நிலத்தில் மங்கியது. முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரத்தால் புகழ்பெற்ற நாகப்பட்டினத்தில், பௌத்தத்தின் எச்சமாக நின்ற பழைய செங்கற் கோபுரமும் 1867இல் இடித்து அகற்றப்பட்டது.

அதன்பின் 31 ஆண்டுகள் கழித்து, 1898ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒன்று, உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு அரும்பதவுரையுடன் வெளிவந்தமை. 1894இல் மயிலை சண்முகம் பிள்ளை மூலத்தை அச்சிட்டிருந்தார் எனினும், பௌத்தக் கருத்துகளுக்குப் பொருள்காண வழியின்றி அறிஞர் இடர்ப்பட்டனர். கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்ட வரலாறு நம்மில் பலரும் அறிந்ததே. மற்றொன்று, அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தமை. முன்னதை இலக்கிய வரலாறு போற்றிப் பதிவு செய்தது. பின்னதை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

அயோத்திதாசர் (1845 – 1914) சித்த மருத்துவர். காத்தவராயன் என்னும் இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டவர். இவர் பௌத்தத்தை நாடியதன் பின்னணியில், அவையொன்றில் அவர் எழுப்பிய ஒரு வினா உள்ளது. 1892இல் சென்னையில் கூடிய மகாசன சபைக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்ட மக்களைச் சிவன், விட்டுணு கோயில்களுள் ஏன் அனுமதித்தலாகாது என அவர் கேட்டார். உங்கள் குலத்தார்க்கு மதுரைவீரனும் காட்டேரியும் உள்ளனவே என்னும் கருத்தில் மறுமொழி வந்தது. அவ்வாறாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், எம் மக்களுக்குத் தரிசு நிலமும் தருக என்று அவர் வேண்டினார். இதனை அவரே பின்னாளில் எழுதியுள்ளார். கேட்டவன் வாயை அடைத்த அவையிலிருந்து வெளிவந்தவர், ஆறாண்டுகளுக்குப் பின் எவரும் கேட்கத்தக்க ஓர் அவையைத் தாமே அமைத்தார் என்பது இவண் கருதத்தக்கது.

இராயப்பேட்டைச் சங்கத்தில் பஞ்சசீலம் ஓதப்பட்டது, சொற்பொழிவுகள் நிகழ்ந்தன, புத்தர் பிறந்தநாள் கொண்டாடப்பட்டது, திருமணமும் ஈமச்சடங்கும் பௌத்த முறைக்கு மாற்றப்பட்டன. ஆயினும் அச்சங்கத்தின் உயிர்நாடி நூற்பொருள் ஆய்தலே. பாலி மொழியில் வல்லார் அங்கு மிகுதியாக இல்லை. ஆகவே மணிமேகலையும் குறளும் ஔவையின் நீதிநூல்களும் நிகண்டுகளும் அவர்களுக்குத் தரும நூல்களாயின. ‘இதற்கு ஆதாரம் யாது?’ என்னும் வினாவே அவர்களது பயிற்சியாக அமைந்தது.

இவ்வுரையாடலை நான்கு சுவர்களுக்கு வெளியே கொண்டுசென்றது ஓர் இதழ். 1907 சூன் 19, புதன்கிழமையன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ நான்கு பக்கங்களுடன் காலணா விலையில் வெளிவந்தது. ஒரு ரூபாய்க்கு 64 பைசா வழங்கிய காலம் அது. மறு ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்வார இதழில் வாசகர் வினாக்களுக்கு விடைகள் வந்தன. குறளுக்கும் ஆத்திசூடிக்கும் உரைகள் வந்தன. புத்தர் வரலாற்றைத் தமிழ்நூற் சான்றுகளால் கட்டமைக்கும் ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’ தொடராக வந்து, பின் நூலாயிற்று.

இவ்வுரைகள் அனைத்தையும் இன்றைய மொழியியல் ஏற்குமா எனின், ஏற்காது. குறளைத் திரிபிடகத்தோடு இயைத்துத் ‘திரிக்குறள்’ எனக் கொண்டமை முதலான பல முடிபுகள் பாடவியல் ஆய்வில் நில்லா. அக்காலத்திலேயே வேறு நோக்கினரும் உடனிருந்தனர். ‘பௌத்தத்தின் சாரம்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1907இல் வெளியிட்ட பேராசிரியர் பொ. லட்சுமிநரசு, அறிவியல் கற்பித்தவர். பகுத்தறிவின் வழியே தருமத்தை அணுகியவர். அந்நூலை 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மீண்டும் பதிப்பித்தார். பண்டிதரோ ஊர் வழக்காறுகளிலும் விழாக்களிலும் பழந்தமிழ்ச் சொற்களிலும் பௌத்தத்தைத் தேடினார். இவ்விரு போக்குகளும் ஒரே இயக்கத்துள் இடம்பெற்றமை அதன் வலிமை என்றே எனக்குத் தோன்றுகிறது. முடிபுகளில் பிழை காணலாம். ஆனால் நூலுக்குப் பொருள் உரைக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்று அவர்கள் எழுப்பிய வினாவில் பிழை காண இயலாது.

இவ்விடத்தில் என் குறையொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முதுகலை வகுப்பில் மணிமேகலையைப் பாடமாகப் பயின்றேன். பதிப்பு வரலாறு, சமய வாதம், அளவையியல் ஆகிய யாவும் கற்பிக்கப்பட்டன. அக்காப்பியத்தைத் தம் வாழ்வுநூலாகக் கொண்டு சென்னையில் ஒரு கூட்டம் கூடியது என்பதை எவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்திருந்தும், முனைவர் பட்டம் பெற்ற பின்னரே அத்தொகுதிகளை நான் கையில் எடுத்தேன். அவற்றைப் படித்தபோது மகிழ்ச்சியினும் நாணமே மிகுந்தது.

பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அதற்குள் சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன் எனப் பரவியிருந்தன. தமிழ்த் தொழிலாளர் பிழைப்புத் தேடிச் சென்ற வழியெல்லாம் இவ்வவையும் சென்றது. குறிப்பாகக் கோலார் தங்கவயலில் அது வேரூன்றியது. நிலத்தடியில் உழைத்தவர்கள் மேலே வந்து தருமம் கேட்டனர். மாரிக்குப்பம் சித்தார்த்தப் புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது. நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926 முதல் கோ. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அங்குள்ள சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. சுரங்கத் தொழிலாளர் காசு சேர்த்து வாங்கிப் படித்த தாள்களோ இன்று ஆய்வாளர்க்கு மூலச் சான்றாக நிற்கின்றன.

2023இல் சென்னையில் பண்டிதர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. காலந்தாழ்ந்த சிறப்பெனினும் உவக்கத்தக்கதே. எனினும் அவரது அவையில் அமர்ந்து வினவியவருள் மிகப்பலருக்கு நம் நூல்களில் பெயரில்லை. இதழில் அச்சான வினாக்களாகவே அவர்கள் எஞ்சியுள்ளனர். நம் வட்டத்திலும் பத்தாண்டுகளில் எத்தனையோ வினாக்கள் எழுந்தன. கடைசி வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு, பின் வாராது போனவர்களும் உளர். இம்மலரில் கவிதைகளும் கட்டுரைகளும் இடம்பெறுகின்றன; அடுத்த பத்தாண்டு மலரில் அவ்வினாக்களும் இடம்பெறுதல் வேண்டும். அதற்கு இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குவோம். கேட்டவரின் பெயரை முதலில் எழுதுவோம்.