மேற்பாடியும் சோழர் பள்ளிப்படையும்

பாலாற்றங்கரை ஊர்களாகிய ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோல் தொழிலாற் கடல் கடந்தும் பெயர் பெற்றன. அவ்யாற்றிற்கு வடக்கே, நீவா எனப் பழையோர் வழங்கிய பொன்னையாற்றங்கரையில் அமைந்த மேற்பாடியை அறிவார் சிலரே. ஆளுடைய பிள்ளையார் பதிகம் பெற்ற திருவல்லம் இதற்குத் தெற்கே உளது. சமண முழைஞ்சுகளும் முருகன் கோயிலும் ஒருங்கே விளங்கும் வள்ளிமலை அணித்தே உளது.

949ஆம் ஆண்டு தக்கோலப் போரில், முதற் பராந்தகசோழன் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் உயிர் துறந்தான். வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் 959இல் பாசறை கொண்டிருந்த இடம் இம்மேற்பாடியே. தென்னாட்டு நிலங்களைத் தன் ஏவலர்க்குப் பகிர்ந்தளித்துக்கொண்டு இங்குத் தங்கியிருந்தபோதுதான் ககனசிவர் என்னும் சைவத் துறவிக்கு ஓரூர் ஈந்தான் எனக் கர்காட்டுச் செப்பேடு கூறும். பகையரசனும் சிவனடியாரைப் போற்றினான் என்க.

பின்னர் 985இல் முடிசூடிய முதல் இராசராசன், பராந்தகன் விருதால் வீரநாராயணபுரம் எனப்பட்ட இவ்வூர்க்கு இராசாச்சிரயபுரம் எனத் தன் விருதைச் சூட்டினான். இன்று சோமநாதேசுவரர் கோயில் எனப்படும் சோழேந்திர சிங்க ஈச்சரமும், சோழீச்சரம் எனப்படும் அரிஞ்சிகை ஈச்சரமும் அவன் எடுத்தவை. பின்னது, இராசாதித்தனுக்கு இளவலும் தனக்குப் பாட்டனும் ஆகிய அரிஞ்சயனுக்கு, 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' எனக் கல்வெட்டுக் குறிக்கும் அம்மன்னனுக்கு, அமைத்த பள்ளிப்படை. அச்சொல்லைக் கேட்டு அஞ்சுவார் உளர். அங்கு நிகழ்வது சிவலிங்க வழிபாடேயன்றிப் பிறிதில்லை.

இராசேந்திரன் காலத்தே இங்கொரு மடமும் இருந்தது. அதன் தலைவர் இலகுளீசுவர பண்டிதர் கோயில் ஆடுகளை இடையரிடம் ஒப்புவித்த செய்தி கல்லில் உளது. மடத்திற் கற்றார்க்கு இஃது இனிக்கும். விளக்கிற்கு விட்ட ஆடு 'சாவா மூவாப் பேராடு' எனப்படும். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்புதலால் தொகை குன்றாது, நெய்யும் முட்டாது. நம் முன்னோர் வைத்த முதல் அத்தகையது.

இவையெல்லாம் சுவரெழுத்தால் அறிந்தவை. அவ்வெழுத்து அழிந்திருப்பின், பேரன் பாட்டனுக்குச் செய்த கடன் எவர்க்கும் தெரியாது. ஆயினும் திருப்பணி என்னும் பெயரால் பல ஊர்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்த்தும், எழுத்தின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசியும், பளிங்குக் கல் பதித்தும் மறைத்துவிட்டனர். இம்மலரைக் கையிற்கொள்ளும் கொடையன்பர்கள் நாளை வேறொரு கோயிலுக்கும் பொருள் உதவுவர். வேலை தொடங்குமுன் தொல்லியல் துறையாரை அழைத்துச் சுவரையும் அதிட்டானத்தையும் மைப்படி எடுப்பிக்குமாறு அங்குள்ள திருப்பணிக் குழுவாரை வேண்டுக. அதற்குச் செலவு மிகுதியன்று. சில நாட்களே வேண்டும்.