அறுபத்தைந்து ஆண்டு ஞாபகம்

1846 மார்ச் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் பரோ தீவுகளில் கரையிறங்கினார். சில நாளில் அவருக்குத் தட்டம்மை கண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தீவுகளின் ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள்.

டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். வயது 25. ஊர் ஊராகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது என்று கேட்டுக் குறித்தார். நெரிசலான நகரத்தில் இது நடக்காது. இங்கேயோ வெளிப்படகு வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நோய் ஒட்டி 13, 14 நாள் கழித்தே தடிப்பு தெரியும் என்ற கணக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

அதைவிட வியப்பு, முதியவர்கள். தீவுகளுக்கு அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781ல். அன்று சிறுவயதில் அம்மை கண்டு, இன்னும் உயிரோடிருந்த ஒருவரைக்கூட இந்த முறை அது தொடவில்லை. அன்று தப்பித்த முதியவர்களை மட்டும் பிடித்துக்கொண்டது. நடுவில் 65 ஆண்டு வைரஸ் எட்டியே பார்க்கவில்லை; உடம்பு மறக்கவுமில்லை.

எப்படி? ஒரு நுனி 1957ல் லண்டன் மில் ஹில்லில் அகப்பட்டது. அலிக் ஐசக்ஸும் சுவிஸ்காரர் ஜான் லிண்டன்மானும் கோழிக்கருச் சவ்வுத் துண்டுகளோடு, சூட்டில் முடங்கிய ஃப்ளூ வைரஸைச் சேர்த்து வைத்தார்கள். அந்தத் துண்டுகள் கிடந்த திரவத்தில் புதுத் துண்டுகளைப் போட்டபோது, அவற்றில் உயிருள்ள வைரஸ் வளரத் திணறியது. செல்கள் கசியவிட்ட அந்தப் பொருளுக்கு இன்டர்பெரான் என்று பெயர் வைத்தார்கள். நம்பாதவர்கள் ‘மிஸ்இன்டர்ப்ரெட்டான்’ என்று கிண்டலடித்தார்கள்.

பக்கத்து செல்லுக்கு எச்சரிக்கை சொல்வதோடு அதன் வேலை முடியவில்லை. 2005ல் வெளியான எலி ஆய்வில், இன்டர்பெரானை உணரும் ஏற்பி இல்லாத டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) வைரஸைக் கண்டும் சரியாகப் பெருகவில்லை. அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் காணத் தங்கும் நினைவு செல்களும் சொற்பமே மிஞ்சின. ஆனால் சமிக்ஞை கூடினாலும் சிக்கல்தான். இன்டர்லூக்கின்-12 என்ற இன்னொரு சமிக்ஞைப் பொருள் அதிகமானால் டி செல்கள் சண்டைக்காரர்களாக முற்றி, சீக்கிரம் மடிகின்றன. அளவு குறைந்த இடத்தில்தான் நீண்டநாள் நினைவுக்கு ஆள் தேறுகிறது.

பரோ முதியவர்களைக் காத்ததில் ஆன்டிபாடிகளுக்குப் பெரிய பங்குண்டு. டி செல்களின் கணக்கு வேறு. வைரஸ் துணுக்கை அவற்றுக்குக் காட்டவே முடியாத எலிகளுக்குள் மாற்றியபோதும் நினைவு செல்கள் பிழைத்ததை 1999ல் கண்டார்கள். எதிரி கண்ணில் படாத காலத்தில் அவற்றுக்குப் படியளப்பவை உடம்பிலேயே ஊறும் இன்டர்லூக்கின்-7ம் 15ம். முன்னது உயிரைப் பிடித்துவைக்கிறது; பின்னது அவ்வப்போது ஒரு தடவை பிரியவைத்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்கிறது.