கொழும்பின் சதுப்பு நிலமும் அதன் மக்களும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் துறைமுகங்களையும் ஆட்சியாளரையும் பற்றி விரித்துரைப்பர். அந்நகரம் எத்தகைய நிலத்தின்மீது எழுந்தது என்று வினவுவோர் சிலரே. கொழும்பு, களனி கங்கையின் வெள்ளச் சமவெளியில், சதுப்பு நிலங்களுக்கிடையே வளர்ந்த நகரமாகும். அந்நிலம் எக்காலத்தில் யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆராயின், நகரத்தின் சமுதாய வரலாறே நமக்குப் புலனாகும்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செல்வாக்கு மேற்குக் கரையோரம்வரை பரவியிருந்தது. அதனை எதிர்த்து நின்ற அழகக்கோன், தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலம் சூழ்ந்த மேட்டில் ஒரு கோட்டையை அமைத்தான். மதிலுக்கும் அகழிக்கும் சேறு துணைநின்றது. அடுத்த நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அதனைத் தன் தலைநகராக்கினான். அங்கிருந்து படைகொண்டு சென்ற செண்பகப் பெருமாளே 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். மன்னனுக்குச் சதுப்பு நிலம் அரண்; அதன் ஓரத்தில் நெல் விளைத்தவனுக்கோ அது சோறு. அரணைப் போற்றிய வரலாறு சோற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை.

1565இல் போர்த்துக்கேயர் கோட்டையைக் கைவிட்டுக் கொழும்பில் நிலைகொண்டனர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தாழ்நிலங்களினூடே கால்வாய்களை வெட்டி வணிகப் பண்டங்களைக் கொண்டு சென்றனர். இன்று பேரை வாவி எனப்படும் நீர்ப்பரப்பின் அருகே அவர்கள் தம் அடிமைகளை வைத்திருந்தனர். ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பெயர்பெற்ற அவ்விடத்தைத் தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். அடிமையை ஒரு மொழியும் கொம்பனியை மற்றொரு மொழியும் நினைவில் வைத்திருக்கின்றன.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலத்தைப் பற்றிய நோக்கு பெரிதும் மாறவில்லை. 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்ய ஒரு சபையை நிறுவியது. ‘மீட்டல்’ என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இழந்த பொருளையன்றோ மீட்க வேண்டும்? நீருக்குரிய நிலத்தை மண்ணிட்டு நிரப்புவதற்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும்? எனினும் வயல்களும் சதுப்புகளும் நிரப்பப்பட்டு வீதிகளும் வீடுகளும் அலுவலகங்களும் ஆயின. 1982இல் தியவன்னாவின் நடுவே புதிய பாராளுமன்றமும் திறக்கப்பட்டது.

சதுப்பு நிலம் வீணே கிடப்பதன்று. பெருமழை பொழியும்போது அது நீரைத் தாங்கி வைத்து, பின்னர் கால்வாய்களின் வழியே கங்கைக்கும் கடலுக்கும் மெல்ல விடுகிறது. அதனை நிரப்பினால் நீர் மறைந்துவிடாது, வேறிடம் தேடும். 2010 நவம்பரில் கொழும்பு வெள்ளத்தில் மூழ்கியபோது பாராளுமன்ற வளவையும் நீர் சூழ்ந்தது. ஆயின் பாராளுமன்றத்தைச் சூழ்ந்த நீர் வடிந்தபின் அங்கு அலுவல்கள் தொடர்ந்தன. பலகை வீட்டில் புகுந்த நீரோ ஒரு குடும்பத்தின் பாயையும் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் கொண்டு போயிற்று.

நகரின் கழிவும் தாழ்நிலத்துக்கே சென்றது. கொலன்னாவைச் சதுப்பு நிலத்தின் அயலில் மீதொட்டமுல்லையில் மலையெனக் குவிந்த குப்பை, 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு தினத்தன்று, சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் மீது சரிந்த குப்பை முழு நகரத்தினதுமாகும்.

2018 ஒக்டோபரில் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்னும் அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. இது மகிழத்தக்கதே. மீன்பிடிப் பூனையும் நீர்க்கோழியும் வாழ இடம் வேண்டும். ஆயின் பாதுகாப்பின் பெயரால் எளியோர் அகற்றப்படும் அபாயத்தையும் நாம் மறத்தலாகாது. சட்டமியற்றிச் சதுப்பை நிரப்பியவர் அபிவிருத்தி செய்தவர் எனப்பட்டனர். வாழ வழியின்றி அதன் ஓரத்தில் குடிசை போட்டவர் அத்துமீறியவர் எனப்பட்டனர். நிரப்பிய பரப்பில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதை அளந்து பார்த்த பின்னரன்றோ குற்றம் சாட்டவேண்டும்?

ஆதலின் சதுப்பு நிலத்தை ஆய்வு செய்யும் முறையும் விரிவடைதல் வேண்டும். மாரியிலும் கோடையிலும் பறவைகளை எண்ணுவதும், நீரின் ஆழத்தையும் தூய்மையையும் அளப்பதும், சேற்றுப் படைகளைத் துளைத்து நோக்குவதும் இன்றியமையாதவை. அவற்றோடு பழைய நிலப்படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிடவேண்டும். ஊர்ப்பெயர்களையும் ஆராயவேண்டும்: சிங்களத்தில் ‘கும்புற’ என்பது வயலையும் ‘தெனிய’ என்பது தாழ்நிலத்தையும் குறிக்கும். கட்டிடங்கள் நிறைந்த இடத்திலும் அப்பெயர் நிலைத்திருப்பின், அங்கு என்ன இருந்தது என்பதற்கு அதுவே சான்று. கீரை பறிப்போரிடமும் மீன் பிடிப்போரிடமும் முதியோரிடமும் சென்று, எந்த ஆண்டில் எந்த வயல் எவரால் நிரப்பப்பட்டது என்று கேட்டெழுதவேண்டும்.

இப்பணிக்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. கொழும்பிலுள்ள சிங்கள, தமிழ் மாணவர் இருவர் ஒரு குறிப்பேட்டுடன் கால்வாயோரம் நடந்தாற் போதும். ஒருவர் அறியாத சொல்லை மற்றவர் விளக்குவார். அக்குறிப்பேட்டில் பறவைகளின் பெயர்களோடு அங்கு வாழும் மக்களின் பெயர்களும் இடம்பெறட்டும்.