ஜென் 3யா, ஜென் 5ஆ? ஒரு துப்பாக்கிப் புராணம்

போன மாசம் இங்கே டெக்ஸாஸில் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். நம்ம ஊர்ப்பக்கம்தான், சித்தூர்க்காரர். சாப்பாடு முடிஞ்சு கை கழுவும்போது மெதுவா ஆரம்பிச்சார்.

"ஏனுங்க, க்ளாக் பிஸ்டல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பழைய ஜென் 3 கம்மி விலைக்கு வருது. ஜென் 5ன்னா கூட ஆகும். எதை வாங்கறது?"

அவர் தெருவில் ரெண்டு வீட்டில் திருட்டு நடந்திருக்கு. அந்த பயம். வீட்டில் ஆறு வயசில் ஒண்ணு, ஒன்பது வயசில் ஒண்ணுன்னு ரெண்டு குழந்தைங்க. நான் எப்பவாவது சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பழகறது தெரிஞ்சுதான் என்னைக் கேட்டார். அங்கே பாதி பதில்தான் சொல்ல முடிஞ்சது. இதே கேள்வியை வேற சிலரும் கேட்டுட்டதால முழு பதிலையும் இங்கே எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஊர்க் கதை. எங்க ஊர் பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில. கேரளாதான், ஆனா வீட்டிலும் கடையிலும் தமிழ். அப்பாரு கடலைக்காடு வெச்சிருந்தார். காட்டுப்பன்னிக்காக லைசென்ஸ் துப்பாக்கி. அதிலேயே ரெண்டு தலைமுறை இருந்தது.

பழசு, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற கேப் துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டி, தேங்கா நாரை வெச்சு, கம்பியால இடிச்சு, ஈயக்குண்டு போட்டு, மறுபடி நார் வெச்சு, கடைசியா பின்னாடி கேப்பை மாட்டணும். ஒரு வெடிக்கு ஒரு நிமிஷமாவது ஆகும். "அதுக்குள்ள பன்னி பொள்ளாச்சி போய்ச் சேந்திரும்" என்பார் அப்பாரு. அப்புறம் வந்தது ஒத்தக்குழல் தோட்டாத் துப்பாக்கி. மடக்கு, தோட்டாவைச் சொருகு, மூடு. மூணு செகண்ட்.

தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும், முடிஞ்சப்புறம் போய் வாங்கிக்கணும். அப்பாரு அதைக் கோணிப்பையில் சுத்தி பஸ்ஸில் கொண்டு போவார். இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வெச்சிருந்த மாமாவுக்கும் அதே கதை, அதே கோணிப்பை. (பன்னித் தொல்லை தாங்காம 2022ல் கேரள அரசு, லைசென்ஸ்காரங்களை வெச்சு காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு கொடுக்கிற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தது.) கைத்துப்பாக்கியை எல்லாம் நாங்க சினிமாவில்தான் பார்த்தோம். க்ளாக் சுடற 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதனாலதான் கான்பூரில் செய்யற அரசாங்க ரிவால்வர் பாயின்ட் 32ல் வருது.

சரி, க்ளாக்குக்கு வருவோம்.

காஸ்டன் க்ளாக் ஆஸ்திரியாக்காரர். வியன்னா பக்கத்தில் டாய்ச்-வாக்ராம் என்கிற ஊரில் பட்டறை. ராணுவத்துக்குக் கத்தி மாதிரி சாமான் செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்தார். 1980ல் ஆஸ்திரிய ராணுவம், இரண்டாம் உலகப்போர் காலத்து வால்தர் பி38க்கு பதிலா புது பிஸ்டல் தேடினது. அம்பது வயசு மனுஷன், அதுவரைக்கும் ஒரு பிஸ்டல்கூட செஞ்சதில்லை. நிபுணர்களைக் கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டார், செஞ்சார், 1982ல் ராணுவம் எடுத்துக்கிச்சு. அவரோட 17வது பேடன்ட் என்பதால பேர் க்ளாக் 17. மேகசினிலும் 17 தோட்டா பிடிக்கும்.

புதுமை என்னன்னா கைப்பிடிச் சட்டம் பிளாஸ்டிக் வகை, மேலே ஸ்லைடும் குழலும் இரும்பு. மொத்தமே முப்பத்துச் சொச்சம் பாகம்தான். "பிளாஸ்டிக் துப்பாக்கி, ஏர்போர்ட் மெஷினில் தெரியாது" என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல். 1990ல் வந்த 'டை ஹார்ட் 2' படமும் அதை நம்ப வெச்சது. சுத்த டூப். எடையில் பெரும்பகுதி இரும்பு, மெஷினில் நல்லாவே தெரியும்.

இனி தலைமுறைகள். ஜென்னுன்னா ஜெனரேஷன், அவ்வளவுதான்.

முதல் தலைமுறை (1982): கைப்பிடி கிட்டத்தட்ட வழவழப்பு, மெலிசான பொரிப்பொரி மட்டும்.

ரெண்டாவது (1988): கைப்பிடியின் முன்னும் பின்னும் சொரசொரப்பு, வேர்த்தாலும் வழுக்காம. 1986ல் மியாமியில் நடந்த சண்டையில் ரெண்டு எஃப்பிஐ ஆட்கள் செத்தப்புறம், போலீஸ் எல்லாம் ஆறு குண்டு ரிவால்வரை விட்டுட்டு பிஸ்டலுக்கு மாற ஆரம்பிச்ச காலம். 1990ல் பாயின்ட் 40 என்கிற பெரிய தோட்டா வந்தது, அதுக்கும் க்ளாக் உடனே தயார்.

மூணாவது (1990களின் பிற்பாதி): விரல் உட்கார பள்ளம், கட்டைவிரலுக்கு இடம், முன்னாடி டார்ச் மாட்ட ஒரு தண்டவாளம். யாரோ வெள்ளைக்கார போலீஸ் கையை அளவெடுத்து செஞ்ச பள்ளம் போல, என் விரல் அதில் ஒருநாளும் சரியா உட்கார்ந்ததில்லை. ஆனா அதிக நாள் ஓடினது இதுதான். கலிஃபோர்னியாவில் புது மாடலுக்குக் கேட்ட சில பாதுகாப்பு அம்சங்கள் ஜென் 4, ஜென் 5ல் இல்லாததால, அங்கே பல வருஷம் கடையில் கிடைச்சது ஜென் 3 மட்டும்தான்.

நாலாவது (2010): கைப்பிடியின் பின்பக்கம் மாத்தற மாதிரி தகடுகள், சின்ன கை பெரிய கை ரெண்டுக்கும். ரெட்டை ஸ்பிரிங். ஆரம்பத்தில் அந்த ஸ்பிரிங்கில் சிக்கல், 2011ல் கம்பெனியே மாத்திக் கொடுத்தது. எதிலும் முதல் லாட் வாங்காதீங்கன்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான்.

அஞ்சாவது (2017): எஃப்பிஐ மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பி, 2016ல் புது ஆர்டர் கொடுத்தது. அதுக்காக செஞ்சதன் வழியா வந்தது ஜென் 5. விரல் பள்ளத்தைத் தூர்த்துட்டாங்க! இடதுகைக்காரருக்கும் சேர்த்து ஸ்லைடு நெம்புகோல் ரெண்டு பக்கமும். குழலும் இன்னும் துல்லியம். காஸ்டன் க்ளாக் 2023 டிசம்பரில் 94 வயசில் இறந்தார். 2025 டிசம்பரில் ஆறாவதையும் அறிவிச்சாச்சு.

இப்போ முக்கியமான விஷயம். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வரிசையா வெச்சுப் பாருங்க. மாறினது எல்லாம் கைக்கு வசதி, ஸ்பிரிங், குழல். மாறாதது எது? வெளியே தட்டி விடற சேஃப்டி கொக்கி எதிலும் கிடையாது (யாரோ ஸ்பெஷலா கேட்டு வாங்கினதைத் தவிர). உள்ளே மூணு பூட்டு உண்டு, கீழே விழுந்தா வெடிக்காது. ஆனா விசையை ஒரு விரல் முழுசா இழுத்தா மூணும் தானா விலகிடும். அது யார் விரல்னு அதுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. மேகசினை உருவிட்டா காலின்னு நினைப்போம். உள்ளே குழலில் ஒரு தோட்டா இருந்தா அப்பவும் சுடும். துடைக்கக் கழட்டணும்னாலும் முதல்ல விசையை இழுத்தாகணும். காலியான்னு பார்க்காம இழுத்து கையிலும் காலிலும் சுட்டுக்கிட்டவங்க நிறைய. போலீஸ்காரங்களும் அதில் உண்டு.

எனக்கு ஒன்பது வயசிருக்கும், பெரிய லீவு. அப்பாரு மத்தியானம் தூங்கிட்டிருந்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறி ஆணியில் இருந்த தோட்டாத் துப்பாக்கியை இறக்கி, திருடன் போலீஸ் விளையாட்டில் தம்பிக்கு நேரா நீட்டி விசையை இழுத்தேன். டிக். அவ்வளவுதான். தோட்டா எல்லாம் உள் ரூம் டிரங்குப் பெட்டியில். சாவி அப்பத்தா இடுப்பில். சத்தம் கேட்டு வந்த அப்பத்தா அடிக்கலை, திட்டலை. அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துட்டாங்க. தம்பி இப்போ கோயமுத்தூரில், அவனுக்கே ரெண்டு பசங்க.

கேப் துப்பாக்கியில் அந்த ஒரு நிமிஷமே பூட்டு. தோட்டாத் துப்பாக்கி வந்து அந்த நிமிஷம் போனப்போ, அப்பத்தா சாவி அதுக்கு ஈடு செஞ்சது. க்ளாக்கில் மூணு செகண்டும் இல்லை. தலைமாட்டில் லோடு பண்ணி வெச்சாத்தானே திருடன் வந்தா உதவும் என்பாங்க. வாஸ்தவம்தான், ஆனா அந்தத் தலைமாட்டுக்குத் திருடனை விட நம்ம பசங்க நூறு தடவை அதிகமா வருவாங்க.

அதனால நண்பருக்கு என் பதில்: சுடறதில் ஜென் 3, ஜென் 5 ரெண்டும் குறை சொல்ல முடியாது. கைக்கு எது உட்காருதோ அது. இடதுகைன்னா ஜென் 5. ஆனா விலை வித்தியாசம் எவ்வளவோ, அதுக்கு முதல்ல சுவரில் போல்ட் போட்டு மாட்டற இரும்புப் பெட்டி வாங்குங்க. சாவியோ நம்பரோ பெரியவங்களுக்கு மட்டும். அப்புறம் ஒரு வகுப்பு, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு.

போன வாரம் போன் பண்ணினார். பெட்டி வாங்கிட்டாராம். பாஸ்போர்ட்டும் நகையும் உள்ளே இருக்காம். துப்பாக்கி இன்னும் வாங்கலை.

டிஸ்கி: இது வாங்கச் சொல்லியும் இல்லை, வேணாம்னும் இல்லை. அப்பத்தா சாவியைப் பத்தி மட்டும்தான்.